ஒன்றரை மணிக்குப் பிறகு: கண்டியின் மாலை வகுப்புகள், அன்றும் இன்றும்

கண்டியில் பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடும். ஏரிக்கரையிலும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் கட்டுகஸ்தோட்டை வீதியிலும் ஒரே நேரத்தில் வெள்ளைச் சீருடைகள் இறங்கும். பாடசாலை வான்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர முடியாமல் நிற்கும். வானில் ஏறும் பிள்ளைக்கு அடுத்துப் போகும் இடம் தெரியும். வீட்டில் சோறு, இரண்டரைக்கு டியூஷன், நாலரைக்கு இன்னொரு டியூஷன்.

வானில் ஏறாத பிள்ளைகளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மகியாவவுக்கு நடந்து போகிறவர்கள், ஹந்தானை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்கள், தம்பியின் கையையும் புத்தகப் பையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும் அக்காமார். இவர்கள் வீட்டில் அந்த நேரம் பெரியவர்கள் யாரும் இருப்பதில்லை. பல்லேகலையில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போன தாய் வீடு திரும்ப இருட்டிவிடும். மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போன தாய் திரும்பி வர இரண்டு வருடம் ஆகும். ஒன்றரையிலிருந்து ஆறு வரை நாலரை மணித்தியாலம். அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் செலவு யாருடையது என்ற கேள்வி இந்த ஊரில் நெடுங்காலமாக இருக்கிறது. பதில் சொல்லும் ஆட்கள் மட்டும் மாறி வந்திருக்கிறார்கள்.

நான் படித்த மாலை வகுப்பு ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. அரிக்கன் லாம்பு இரண்டு, ஒரு கரும்பலகை, கீழே விரிக்க நாலு பாய். பகலில் கிளார்க் வேலை பார்த்த ஒருவர் ஐந்து மணிக்கு நேரே கந்தோரிலிருந்து வந்து கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தருவார். அவரை நாங்கள் சேர் என்போம், எங்கள் தாய்மார் மாஸ்டர் என்பார்கள். சம்பளம் என்று ஒன்று அவருக்குக் கிடையாது. மண்ணெண்ணெய் கோயில் கணக்கில், சோக்கட்டி மாஸ்டர் கணக்கில். வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒரு கடை முதலாளி பணிஸும் பிளேன்டீயும் அனுப்புவார். ஆண்டுக்கு ஒருமுறை மாஸ்டரும் இரண்டு பெரிய பையன்களும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போவார்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் ஊரில் பெரிய மனிதர் ஒருவரின் பெயரும் தொகையும் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் எழுதுவார். மாநகர சபையில் உறுப்பினராக இருந்த ஒருவரின் கையெழுத்து முதல் வரியில் விழுந்த வருடம் எங்களுக்குப் புதுக் கரும்பலகை வந்தது. நிதி திரட்டுவதில் மாநகர சபை செய்யக்கூடிய உதவி என்னவென்று நான் முதலில் கண்டது அந்தக் கையெழுத்தில்தான். அவர் கொடுத்த தொகை பெரிதல்ல. அவர் பெயர் பார்த்துக் கொடுத்தவர்கள் பலர்.

இந்த நகருக்கு மாநகர சபை இன்று நேற்று வந்ததல்ல. 1865ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்து, 1866 மார்ச்சில் முதல் கூட்டம் கூடியது. அதன்பின் எழுபது வருடத்துக்கும் மேலாக மத்திய மாகாண அரசாங்க அதிபரே தலைமை தாங்கினார். 1939இல்தான் தெரிவு செய்யப்பட்ட முதலாவது நகர முதல்வராகக் குடா ரத்வத்தை வந்தார். ஆரம்பத்தில் சபையின் கவலை வீதி, தண்ணீர், சந்தை, துப்புரவு. வெள்ளைக்காரருக்கு வாசிகசாலை வேண்டுமென்றபோது, அரசியர் நீராடிய ஏரிக்கரை மண்டபமே அவர்களுக்கு வாசிகசாலையானது. ஊர்ப் பிள்ளைக்கு அதன் படியேறும் வழி இருக்கவில்லை. பின்னாளில் சபை தானே நூலகம் நடத்தியது, விளையாட்டு மைதானங்களைப் பராமரித்தது, ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் பெயரில் சிறுவர் பூங்கா வந்தது. டீ.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகத்தின் சிறுவர் பகுதியில் பின்னேரம் உட்கார்ந்து படித்தே ஆளானவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். எங்கள் மாஸ்டரும் கிழமைக்கு ஒருநாள் எங்களை வரிசையாக அங்கே கூட்டிப் போவார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படம் பார்ப்பதற்காகவே போனவன் நான். பிறகுதான் எழுத்தில் கண் போனது.

நூலகத்தை நடத்தும் சபை வகுப்பையும் நடத்தலாமே என்று எவருக்கும் தோன்றும். இங்கேதான் ஓர் இடைவெளி இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் மக்களின் சௌகரியத்தையும் நலனையும் பேணுவதைச் சபையின் பொறுப்பாக்கியது. பாடசாலைக் கல்வி அதன் கையில் இல்லை. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோதும், 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு எடுத்துக்கொண்டபோதும் கல்வி கொழும்பின் பொறுப்பாகவே வளர்ந்தது. 1987இன் 13ஆவது திருத்தம் அதில் ஒரு பங்கை மாகாண சபைக்குக் கொடுத்தது. ஆகப் பாடசாலைக்குள் இருக்கும் பிள்ளை மாகாணத்துக்கும் மத்திக்கும் உரியது. வாசலைத் தாண்டி வீதியில் கால் வைத்தால் வீதி மாநகர சபையுடையது, பிள்ளை எவருடையதும் அல்ல. ஒரு நகரவாசியின் நலன் என்ற சொல்லுக்குள் எட்டு வயதுப் பிள்ளையின் பின்னேரம் அடங்காதென்றால் வேறெது அடங்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கேள்வி மகியாவவில் இன்னும் கூர்மையாகிறது. கண்டியின் வீதிகளைக் கூட்டவும் கழிவகற்றவும் ஆங்கிலேயர் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வந்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் பலர் அங்கே வாழ்கிறார்கள். குடியிருக்க லயம் போன்ற வரிசை வீடுகளைச் சபையே கொடுத்தது. வேலை கொடுத்தவரும் வீடு கொடுத்தவரும் ஒருவரே. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் காலிங்க டியூடர் சில்வா, சிவப்பிரகாசம், தங்கேஸ் ஆகியோர் 2009இல் சாதி பற்றி வெளியிட்ட ஆய்வில் இந்தக் குடியிருப்பின் நெரிசலும் அந்த விலாசத்தின்மேல் ஊர் ஏற்றி வைத்த இழிவும் பதிவாகியிருக்கின்றன. வேலை தேடும்போது விலாசத்தைச் சொல்லத் தயங்கும் இளைஞரை நானும் கண்டிருக்கிறேன். அங்குள்ள தாய் ஒருவர் என்னிடம் சொன்னது மறக்கவில்லை: "விடியக் காலம நாங்க ரோட்டக் கூட்டப் போற நேரம் புள்ள தூங்குது. பகல்ல வந்து நாங்க தூங்குற நேரம் புள்ள ரோட்டுல நிக்குது."

எனவே மகியாவவில் ஒரு மாலை வகுப்புக்குச் சபை உதவுவதைத் தருமம் என்று நான் கணக்கெழுத மாட்டேன். தன் ஊழியரின் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எந்த வேலைகொள்வோருக்கும் கடமை. பக்கத்துத் தோட்டங்களில் இதற்குப் பெயரே இருக்கிறது: பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் தாய் காலையில் கைக்குழந்தையை அங்கே விட்டுப் போவாள். அந்தக் காலத்தில் ஒரு கிழவியும் சில ஏணைகளும்தான். இன்று பல தோட்டங்களில் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், விளையாட்டுச் சாமான், சத்துணவு என்று அது வளர்ந்திருக்கிறது. 1992இல் தோட்ட முகாமை தனியார் கம்பனிகளிடம் போனபோது அமைக்கப்பட்ட நம்பிக்கை நிதியம், இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்படுவது, இதில் பெரும் பங்காற்றியது. ஆனால் பிள்ளைக்காம்பரா ஐந்து வயதோடு முடிகிறது. பாடசாலைக்குப் போகத் தொடங்கும் பிள்ளை, பகலில் திரும்பி வந்தால் பூட்டிய லயக் காம்பராவின் படியில் உட்காருகிறது. மலையில் இருக்கும் தாய் கொழுந்து நிறுத்து வந்து சேரப் பின்னேரம் ஆகிவிடும். கலஹாவிலும் புசல்லாவையிலும் இந்தக் காட்சிக்கு நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை.

இடையில் மாலையே இல்லாமல் போன வருடங்களும் உண்டு. 1983 ஜூலையில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. எங்கள் கொப்பியில் பெயர் எழுதியவர்களில் சிலர் அந்த மாதத்தோடு ஊரை விட்டே போனார்கள். 1987 தொடங்கி 1989 வரை ஊரடங்கும் பயமுமாக இருந்தது. ஐந்து மணிக்கு மேல் பிள்ளையை வெளியே விட எந்தத் தாய்க்கும் மனம் வராது. கோயில் மண்டபத்தின் லாம்புகள் அப்போது அணைந்தவை. அந்த வகுப்பு பிறகு கூடவே இல்லை.

அதன்பின் வந்தது செயற்றிட்டங்களின் காலம். அதற்கு முன்னோடிகள் இங்கேயே இருந்தார்கள். 1972இல் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதயம் என்ற அமைப்பைத் தொடங்கித் தோட்டத் தமிழரையும் கிராமத்துச் சிங்களவரையும் ஒரே கூரைக்குள் உட்கார வைத்தார். மறைமாவட்டத்தின் செட்டிக் நிறுவனமும் வேறு பலரும் தோட்டப்புறங்களில் பிள்ளைகளுக்காக உழைத்தார்கள். வெளிநாட்டுப் பணம் வந்த காலத்தில் பின்னேர வகுப்புக்குப் புதுப் பெயர்கள் வந்தன. சிறுவர் கழகம், கற்றல் நிலையம், வாழ்க்கைத்திறன் வகுப்பு. ஆசிரியைக்குக் கைச்செலவுப் பணம் கிடைத்தது, பிள்ளைக்குப் பால் கிடைத்தது. நான் அந்த நாட்களில் ஒரு வகுப்பில் உதவிக்குப் போவேன். பிள்ளைகள் வரவு நாற்பதைத் தாண்டியது. பிறகு திட்டத்தின் மூன்று வருடம் முடிந்தது. கடைசி மாதம் ஒரு விழா வைத்து, படம் பிடித்து, அறிக்கை எழுதினோம். அடுத்த திங்கட்கிழமை இரண்டு மணிக்குப் பிள்ளைகள் வழக்கம்போல வந்து நின்றார்கள். கதவைத் திறக்க ஆளில்லை.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை முடியும் பணத்தில் ஒரு பிள்ளையின் பதின்மூன்று வருடப் படிப்பைத் தாங்க முடியாது என்பதை அன்றைக்கு அந்தக் கதவடியில் புரிந்துகொண்டேன். நகரம் மட்டுமே முடியாத திட்டம். 1866இலும் இருந்தது, அடுத்த வருடமும் இருக்கும்.

இன்று ஒரு மாலை வகுப்புக்குப் பணம் கேட்பதென்றால் கொப்பி போதாது. 1980ஆம் ஆண்டின் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின்கீழ் பதிவு, அல்லது பிரதேச செயலகத்தில் ஒரு சங்கமாகப் பதிவு. யாப்பு, நிர்வாக சபை, இரண்டு கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு, கணக்காய்வு அறிக்கை, கிராம உத்தியோகத்தரின் சான்று. பிள்ளைகளோடு பழகும் வேலை என்பதால் சிறுவர் பாதுகாப்புக் கொள்கை ஒன்று எழுத்தில். இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை, கடைசியாகச் சொன்னது மிகவும் அவசியம். கோயில் மண்டபத்து நாட்களில் அப்படியொன்று இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் பகலில் தையல் வேலை பார்த்துப் பின்னேரம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தரும் ஒரு பெண்ணால், ஆங்கிலத்தில் இருபது பக்க விண்ணப்பம் எழுத முடியாது. எழுதத் தெரிந்தவர்களுக்கு மகியாவவின் படிக்கட்டுகள் தெரியாது.

பணம் கேட்க இன்னொரு வாசல் பாராளுமன்ற உறுப்பினர். 1974இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அவருக்கென ஒரு தொகை ஒதுக்கப்படும். அதில் பிளாஸ்டிக் கதிரை வரும், ஒலிபெருக்கி வரும், நல்ல வருடமென்றால் இரண்டு கணினி வரும். மூலதனச் செலவு என்பதால் பொருள்தான் வாங்கலாம். மாதாமாதம் ஆளுக்குக் கொடுக்க அதில் வழியில்லை. இந்த ஊரைச் சுற்றிப் பாருங்கள், கதிரை அடுக்கிய மண்டபங்கள் எத்தனை இருக்கின்றன. அவற்றின் கணினிகள் உறை போட்டபடி கிடக்கின்றன. பின்னேர வகுப்புக்கு வேண்டியவற்றில் மிக மலிவானது கதிரை. பாயில் உட்கார்ந்து நாங்கள் படித்தோம். வேண்டியது ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்குக் கதவைத் திறக்கும் ஒரு மனிதர், அவருக்கு மாதக் கடைசியில் கையில் சேரும் ஒரு தொகை, பிள்ளையின் வயிற்றுக்கு ஏதாவது. இந்த மூன்றுக்கும் கொடுக்கும் பெட்டி எங்கேயும் இல்லை.

பெரும் பணம் நகருக்கு வராமல் இல்லை. 2014இல் உலக வங்கி கண்டிக்கும் காலிக்குமாக 147 மில்லியன் டொலர் மூலோபாய நகர அபிவிருத்தித் திட்டத்துக்கு இணங்கியது. வீதி, வடிகால், தண்ணீர், பொது இடங்கள், பழைய கட்டடங்கள் எல்லாம் அதற்குள் வந்தன. வேண்டிய வேலைகள்தான். தலதா மாளிகைக்கு முன்னுள்ள வீதி 1998 ஜனவரிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு வாகனங்களுக்கு மூடப்பட்டதிலிருந்து இந்த நகரின் போக்குவரத்து படும் பாட்டை அறியாதவர் இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: நகரத்தைக் கல்லாலும் தாராலும் எண்ணுவோர் கைக்குப் பணம் சேர்கிறது. மணித்தியாலத்தால் எண்ணுவோர் கைக்குச் சேர்வதில்லை.

2022இல் நாடு திவாலானபோது அந்த மணித்தியாலங்கள் நொறுங்கின. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் நின்றன, எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. அதே வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. நான் அறிந்த ஒரு வகுப்பில் பணிஸ் முதலில் பாதியானது, பிறகு பிளேன்டீ மட்டும், பிறகு சீனியில்லாத பிளேன்டீ. பசியோடு வரும் பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறாது என்று ஆசிரியை தன் வீட்டிலிருந்து அவித்த மரவள்ளி கொண்டுவந்தார். அவரிடம் இருந்ததே அவ்வளவுதான். சபையிடம் போய்க் கேட்கலாம் என்றால், 2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2025 மே 6இல்தான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் நகரத்துக்கு உறுப்பினர் இல்லை. அதிகாரிகள் குப்பையை அள்ளினார்கள், விளக்கை எரித்தார்கள். ஆனால் புதிதாக ஒரு செலவைத் துணிந்து எழுத மக்களால் தெரிவான ஒருவர் வேண்டும். கொப்பியின் முதல் வரியில் கையெழுத்து வைக்க ஆள் இல்லாத காலம் அது.

இதை வேறு ஊர்கள் எப்படித் தீர்த்தன என்று பார்த்தேன். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தார் 1991இல் வாக்களித்து, வீடு வளவுகளின் வரியில் ஒரு பங்கைப் பிள்ளைகளுக்கென்று நகர சாசனத்திலேயே எழுதி வைத்தார்கள். நமது ஆதனவரியும் அதே இனம்தான். ஜப்பானில் பாடசாலை விட்ட பின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கழகங்களை 1997இல் சட்டத்தில் சேர்த்து நகராட்சிகளிடம் ஒப்படைத்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்களுக்குத் தமிழ்நாடு இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் அங்கே தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், தெருவிலுள்ள படித்தவர்களே, பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். மாதம் 1000 இந்திய ரூபாய் ஊக்கத்தொகை. தொகை சிறிது. ஆனால் அது ஆளுக்குக் கொடுத்த பணம், கதிரைக்கு அல்ல. இன்னும் கிட்டத்தில் யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்கள். உள்ளூராட்சிச் சபையில் பதிந்து, பத்திரிகைக்கும் வாசிகசாலைக்கும் சிறு நன்கொடை பெற்று, பின்னேரம் பிள்ளைகளுக்கு விளக்கெரிக்கும் பழக்கம் அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. கண்டிக்கு அதைக் கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டியதில்லை, ஏ-9 வீதியில் கொண்டுவரலாம்.

மண்டபத்தை இலவசமாகத் தருவது பெரிய உதவி. ஆனால் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடத்துக்கு முன் ஒரு பொது மண்டபத்தைக் கேட்டுப் போனோம். கடிதம் கொடுத்தோம், அனுமதியும் கிடைத்தது. ஆனால் சாவி இன்னோர் அலுவலகத்தில். அந்த அலுவலகம் நாலேகால் மணிக்கு மூடும். வகுப்பு முடிவது ஆறு மணிக்கு. சாவியை அன்றன்றே ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. இரண்டு மாதம் அலைந்தோம். மண்டபம் பூட்டியே இருந்தது, பிள்ளைகள் திண்ணையில் படித்தார்கள். எங்களுக்கு எதிராக யாரும் எதுவும் செய்யவில்லை. பின்னேரம் என்ற ஒன்றை நினைத்து அந்த விதியை எவரும் எழுதவில்லை, அவ்வளவே. நிதிக்கு முந்தி நகரம் தரக்கூடியது அந்தச் சாவியும், அந்தச் சாவிக்குப் பொறுப்பான ஒரு உத்தியோகத்தரும். விண்ணப்பம் எழுத உதவுவதும், சபையின் கடிதத் தலைப்பில் இரண்டு வரி சிபாரிசு எழுதுவதும் அவர் வேலையாக இருந்தால், வெளியில் இருக்கும் பணம் தானே வழி கண்டு வரும். அன்று ஒரு கையெழுத்துக்குக் கடை முதலாளிமார் பணம் தந்தார்கள். இன்று நன்கொடை தரும் வங்கியும் நிறுவனமும் வெளிநாட்டில் வாழும் கண்டித் தமிழரும் தேடுவது அதே நம்பிக்கையைத்தான்.

ஆண்டு முடிவதற்குள் சபை அடுத்த வருடத்து வரவு செலவுத் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்குச் சில நாட்கள் வைக்கும். பத்திரிகையில் சிறிய அறிவித்தலாக அது வரும், அநேகமானோர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். இந்த முறை போய்ப் பார்ப்பதென்று நாலைந்து பேராகப் பேசியிருக்கிறோம். நூலகத்துக்கு ஒரு தலைப்பு இருக்கும், மைதானத்துக்கு ஒன்று, துப்புரவுக்கு ஒன்று. பிள்ளைகளின் பின்னேரம் எந்தத் தலைப்பில் என்று கேட்டு, பதிலை எழுதி எடுத்து வருவோம். மகியாவத் தாயும் தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார். காலை வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றி வர அரை மணித்தியாலம் வேண்டுமாம். காத்திருப்பதாகச் சொன்னோம்.